அயிரைக்கு உணவு யாது?

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு அயிரை புதிதன்று. குறுந்தொகையிலே அயிரையை விரும்பி நிற்கும் நாரையை வகுப்பறையிற் கண்டோம். மதுரை வீதியிலே அயிரைமீன் குழம்பின் மணத்தையும் நுகர்ந்தோம். நாரைக்கும் நமக்கும் அயிரை உணவென்று அறிந்த யாம், அயிரைக்கு உணவு யாதென்று ஒருநாளும் வினவியதில்லை. தமிழ் மாணவர்க்கு இவ்வினா எற்றுக்கு எனச் சிலர் நகைக்கலாம். கண்மாய் வறுமையுற்றால் மருதத்திணை ஏட்டளவில் நின்றுவிடும். ஆதலின் இவ்வினா எமக்கும் உரியதே என்பது எம் துணிபு.

சென்ற தை மாதத்தில் யாம் நண்பர் நால்வர், நகர்ப்புறத்துக் கண்மாயொன்றின் நீரை மெல்லிய துணியில் வடித்துக் கண்ணாடிக் குவளையிலிட்டு நோக்கினோம். கடுகினும் சிறிய உயிர்கள் பல துள்ளித் துள்ளி நீந்தின. நீர்த்தெள்ளு எனத்தகும் டாப்னியா, மொய்னா என்பனவும் அவற்றின் இனமும் அவையென விலங்கியல் பயிலும் நண்பரொருவர் விளக்கினார். சித்திரையில் மீண்டும் அவ்விடஞ் சென்றோம். நீர் பச்சை வண்ணம் கரைத்தாற்போல் இருந்தது. துணியிலோ பச்சைக் களிம்பன்றி உயிர் மிகச் சிலவே கிடைத்தன. இருமுறை நோக்கியதுகொண்டு முடிவு கட்டுதல் தகாதெனினும், உணவு இத்துணை மலிந்திருக்க உண்பார் குறைந்தது ஏன் என்னும் ஐயம் எம்மை விட்டகலவில்லை.

விடையை நூல்களிற் கண்டோம். பச்சையெல்லாம் உணவன்று என்பதே அது. பளிங்கு போன்ற ஓடுடைய டயாட்டம் என்னும் நுண்பாசி, சிற்றுயிர்களின் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் வேண்டிய சிறந்த கொழுப்பமிலங்கள் நிறைந்தது. நீலப்பச்சைப் பாசியோ அக்கொழுப்பிற் குறைந்தது. நீர்த்தெள்ளுகள் தோலுரித்து வளர்தற்கு ஸ்டீரால் என்னும் பொருள் வேண்டும். அதனை அவை தாமே ஆக்கமாட்டா. நீலப்பச்சைப் பாசியிலும் அது இல்லை. மேலும் அப்பாசி இழையாகவும் திரளையாகவும் படர்ந்து, நீரை வடித்துண்ணும் சிற்றுயிர்களின் உறுப்புக்களை அடைத்துவிடும். அதன் இனங்கள் சில நஞ்சும் உடையன. டாப்னியாவின் வளர்ச்சியை உணவின் அளவினும் அதிலுள்ள ஒருவகைக் கொழுப்பமிலமே நன்கு புலப்படுத்தும் என 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பாஸ்பரஸின் செய்தியும் இத்தகையதே. அது மிகக் குறைந்த நீரில் வளரும் பாசி, பருப்பில்லாச் சோறு போல வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது; அது மிக மிகுந்த நீரிலோ நீலப்பச்சைப் பாசி தலையெடுக்கும். குறையினும் கேடு, மிகினும் கேடு.

இவ்வுணவின் தரம் பருவந்தோறும் மாறுவது. குளிர்நாட்டு ஏரிகளிலே இளவேனிலில் நற்பாசி பெருகுதலும், நீர்த்தெள்ளுகள் அதனை மேய்ந்து நீரைத் தெளிவித்தலும், கோடையில் உண்ணத்தகாப் பாசி மிகுதலும் ஓர் ஒழுங்காக நிகழ்வதை அறிஞர் 1986இல் வகுத்துரைத்தனர். நம் நாட்டில் பனியில்லை. மழையே பருவத்தை வகுப்பது. ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்கால் வழியே வரும் கலங்கல்நீர் ஒளியை மறைக்கும். அதன் களிமண் துகளைச் சிற்றுயிர்கள் உணவென விழுங்கி ஏமாறும். மண் படிந்து நீர் தெளியும் மார்கழி, தை மாதங்களே நற்பாசி வளர்தற்கு ஏற்ற காலம். பங்குனி, சித்திரையில் நீர் சுருங்கி வெம்மையுறும், உரச்சத்துச் செறியும், நீலப்பச்சைப் பாசி மேலோங்கும். அப்பொழுது நீர்த்தெள்ளுகள் தடித்த தோலுடைய உறங்கு முட்டைகளைச் சேற்றில் விட்டு மடிகின்றன. அடுத்த மழை வருங்காறும் அவை சேற்றில் உறங்கும். நீர் வந்தவுடன் பொரிந்து வெளிவரும். இச்சிற்றுயிர்களையும் சேற்றுப் புழுக்களையும் உண்டே அயிரை வளர்கின்றது.

ஆதலின், ஆண்டில் சில திங்களே நம் கண்மாய்களில் நல்லுணவுக் காலம். அதனையும் நாம் கெடுத்து வருகின்றோம். கழிவுநீர் இடையறாது புகும் கண்மாயில் தை மாதமும் சித்திரையாகிவிடும். சிலர், “நீர் பச்சையானால் மீன் பெருகும், தீங்கென்ன?” என்பர். அவர் கூற்று முழுதும் பொய்யன்று. ஜிலேபிக் கெண்டை நீலப்பச்சைப் பாசியையும் உண்டு செழிக்கும். ஆயின் ஒரு மீன் கொழுக்கப் பல உயிர் அழிதலை வளமென்று கூறுதல் யாங்ஙனம்? ஆகாயத்தாமரை மூடிய கண்மாயிலோ ஒளியே புகாது. ஒளியின்றி நற்பாசிக்கு வாழ்வில்லை.

தூர் வாருதல் பற்றியும் ஒன்று கூறத் துணிகின்றோம். வண்டலை அள்ளிக் கழனிக்கு இடுதல் நம் முன்னோர் கண்ட நன்முறை. அதனை யாம் மறுத்தோமல்லோம். ஆயின் இந்நாளில் பெரும் பொறிகள் ஒரே கோடையில் கண்மாய் முழுவதையும் சுரண்டி, கரைக்குக் கல் பதித்துச் செல்கின்றன. உறங்கு முட்டைகளுட் பெரும்பாலன மேற்சேற்றிலேயே கிடப்பன. வித்துநெல்லை விற்றுவிட்டு விளைவை எதிர்பார்த்தல் போன்றதன்றோ இது? ஆண்டுக்கு ஒரு பகுதியாக வாரி, எஞ்சிய பகுதியைத் தொடாது விடுதலே தக்கது.

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றன. அஃது உவகைக்குரியது. ஆயினும் மலையடிச் சுனைகளைப் போற்றி நகர்க் கண்மாய்களைக் கைவிடுதல், மூத்த மகனுக்கு விருந்திட்டு இளையவனைப் பட்டினியிடுதல் போலாம்.

தோழர்காள்! கண்மாயின் நலத்தை அளப்போர் கொள்ளளவையும் ஆழத்தையும் கூறுகின்றனர். அதன் நீர் எவ்வுயிரை ஊட்டுகின்றது என்று கூறுவாரில்லை. நம் கல்லூரி அதனைச் செய்யலாம். திங்கள்தோறும் ஒருநாள், ஒரே கண்மாயில், ஒரே அளவு நீரை வடித்து, கண்ட உயிர்களை எண்ணிக் குறித்தல் அரிய செயலன்று. விலங்கியல் மாணவர் எண்ணுக. தமிழ் மாணவராகிய யாம் கரையோரத்து மீனவரிடமும் உழவரிடமும் அவ்வுயிர்களுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுவோம். பத்தாண்டு இவ்வேடு தொடருமாயின், கழிவுநீரைத் தடுக்குமாறு அதிகாரிகள் முன் சென்று நிற்பார்க்கு அதனினும் வலிய சான்று வேறில்லை. நாரை அயிரையைத் தேடி இன்னும் நம் கண்மாய்க்கு வருகின்றது. அது வெறும் வாயோடு திரும்பும் நாள் வருமுன் இப்பணியைத் தொடங்குவோமாக.