ரேஸ் வண்டியும் நெல் மூட்டையும்

மோட்டார் சைக்கிள் ரேஸ் என்றாலே நம் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பெட்ரோலைக் கொளுத்திக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பார்கள். கும்பகோணம் ரோட்டில் காது கிழியச் சத்தம் போட்டுக்கொண்டு பறக்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு அது. அந்த வெறுப்பு எனக்கும் உண்டு. ஆனால் கம்பெனிகள் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று மோதவிடும் ரேஸ் வேறு சமாச்சாரம். அதனால் நமக்கும் லாபம் உண்டு என்பது என் கட்சி.

1980-களை நினைத்துப் பாருங்கள். அதுவரை என்ஃபீல்டு, யெஸ்டி, ராஜ்தூத் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1984-ல் டி.வி.எஸ்.காரர்களின் இந்த்-சுசுகி வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, அதே வருஷம் யமஹா ஆர்.எக்ஸ்.100. தஞ்சாவூரில் எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் ஒரே வாதம்தான்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஒருவர் பிக்-அப் என்பார், இன்னொருவர் மைலேஜ் என்பார். இந்தச் சண்டையை ஜப்பான் கம்பெனிகள் இருபது வருஷத்துக்கு முன்பே ஐரோப்பாவின் ரேஸ் மைதானங்களில் போட்டு முடித்திருந்தன.

அந்தக் கதை சுவாரசியமானது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும்போது எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே ஓடிவிடும். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனி எஞ்சினியர் வால்டர் காடன் இதற்கு ஒரு வழியைச் செம்மைப்படுத்தினார். சைலன்சர் குழாயை நடுவில் பருக்கவைத்து, கடைசியில் ஒடுக்கினார். குழாயில் போகும் அழுத்த அலை ஒடுங்கிய இடத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடும் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1961-ல் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். நம் ஆர்.எக்ஸ்.100-ன் சக்தி 11 குதிரைத்திறன்தான் என்பதை நினைத்தால் அதன் அருமை தெரியும்.

அந்த வருஷம் செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. காடனின் வித்தையோடு சுசுகியில் சேர்ந்துவிட்டார். 1962-ல் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். 1964-ல் யமஹாவுக்கு 250 சிசி பட்டம். ஹோண்டா விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே நின்று, 125 சிசி எஞ்சினை ஐந்து சிலிண்டராகவும் 250 சிசி எஞ்சினை ஆறு சிலிண்டராகவும் பிரித்துப் போட்டது. இப்படி ஒருவரையொருவர் துரத்தியதில் மூன்று கம்பெனிகளும் தேறின. அந்தத் தேர்ச்சிதான் பின்னால் கூட்டு சேர்ந்து நம் ஊருக்கு வந்தது.

நம் பக்கத்திலும் களம் இருந்தது. மெட்ராசுக்கு வடக்கே சோழவரத்தில், யுத்தக் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. டி.வி.எஸ். 1982-லேயே தனியாக ரேஸ் குழு அமைத்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான மைதானம் வந்தது. 2001-ல் சுசுகியைப் பிரிந்த பிறகும் டி.வி.எஸ். சொந்தக் காலில் நின்றதற்கு, ரேஸில் பழகிய கைகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மகிந்திரா 2011-ல் உலகப் பந்தயத்துக்கே போனது. 2016-ல் நெதர்லாந்தின் அசென் மைதானத்தில் மோட்டோ3 பிரிவில் முதல் வெற்றி. ஓட்டியவர் பிரான்செஸ்கோ பன்யாயா, பின்னால் 2022, 2023 மோட்டோஜிபி சாம்பியன். ஆனால் வண்டி வேலை பெரும்பாலும் இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்தது. 2017-ல் மகிந்திரா விலகிவிட்டது. 2023-ல் நொய்டா பக்கத்தில் மோட்டோஜிபி நடந்தபோது, நம் நாட்டுக் கம்பெனியின் பெயரில் ஒரு வண்டிகூட அதில் ஓடவில்லை. உலகத்திலேயே அதிகமாக இருசக்கர வண்டி விற்கிற நாடுகளில் ஒன்றுக்கு இது பெருமையா?

என் வருத்தம் அதோடு நிற்கவில்லை. இப்போது இங்கே பெருகி வருவது ஒரே கம்பெனி ரேஸ். டி.வி.எஸ். தன் வண்டிகளுக்கு ஒன்று நடத்துகிறது, ஹோண்டா ஒன்று, என்ஃபீல்டு ஒன்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. பையன்களின் திறமை வெளியே வரும், அது நல்லதுதான். ஆனால் யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு வெற்றி. தோற்க வாய்ப்பே இல்லாத இடத்தில் எஞ்சினியருக்கு ராத்தூக்கம் கெடாது. தூக்கம் கெட்டால்தானே புது வித்தை பிறக்கும்?

செலவு அதிகம் என்பார்கள். உண்மை. சுசுகியே 2022 முடிவில் மோட்டோஜிபியை விட்டுப் போனது. அங்கேயும் 2027 முதல் எஞ்சினை 1000 சிசி-யிலிருந்து 850-ஆகக் குறைக்கிறார்கள். நாம் கடையில் விற்கும் 125 சிசி வண்டிகளையே மோதவிடலாம். ஆபத்து என்பார்கள். அதுவும் உண்மை. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். வண்டியைச் சோதிக்கக் குழந்தைகள் வேண்டாம், அனுபவப்பட்ட பெரியவர்கள் ஓட்டட்டும்.

இது இப்போது அவசரம், ஏனென்றால் மின்சார வண்டிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் சொல்கிறது, ஒரு ஆயுள் சொல்கிறது. கத்திரி வெயிலில் பேட்டரி எவ்வளவு சூடேறும், பாரம் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் குறையும் என்று பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டுவார் யாருமில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு விவசாயி டி.வி.எஸ். 50-ல் நெல் மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனவர். அவர் நாளைக்கு மின்சார வண்டி வாங்கினாலும் அதே மூட்டையைத்தான் ஏற்றுவார். வண்டி பாதி வழியில் நின்றால் நஷ்டம் அவருக்கு.

சோதனையைக் கம்பெனிகள் மைதானத்தில் ஒருவரோடொருவர் மோதி முடித்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் வாங்குகிற நாம்தான், நம் காசில், அவர்களுக்குச் சோதனை ஓட்டிக்கொண்டிருப்போம்.