முதல்ல வண்டிக்கு வழி விடுவம்: பெட்டாவின் சாப்பாட்டு நடைகள் பற்றி

ஐந்தாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை ஏற்றின கைவண்டி ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றது. நின்றது என்று சொல்வதை விட, நாங்கள் மறித்துவிட்டோம் என்பதுதான் சரி. வெளிநாட்டுக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி, பின்னால் கம்பஸ் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர். எல்லாரும் ரோட்டை அடைச்சுக்கொண்டு ஒரு மசாலாக் கடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வண்டியை இழுத்து வந்தவர் "சைட்! சைட்!" என்று கத்தினார். யாரும் விலகவில்லை. கமராக்கள்தான் கடையை விட்டு அவர் பக்கம் திரும்பின.

அவருடைய கண் எங்களோடு நின்ற ஹட்டன் தோழியில் பட்டது.

"என்னா புள்ள, நீ இங்க என்னா பண்ற?"

அவர் அவளின் மாமா. அம்மாவோட தம்பி. பெட்டாவில் நாட்டாமை வேலை செய்கிறார்.

"சும்மா பாக்க வந்தோம் மாமா."

"என்னாத்த? நாங்க மூட்ட இழுக்கிறதையா? அதப் பாக்கவா இவங்க காசு குடுத்து வாறாங்க?"

கோவமாகக் கேட்கவில்லை, சிரிச்சுக்கொண்டுதான் கேட்டார். வழி கிடைத்ததும் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குத்தான் அடுத்த கடையில் தந்த சர்பத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அந்தக் கேள்விக்கு எங்களிடம் இருக்கிற பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். முழுப் பதில் இல்லை, இப்போதைக்கு இருக்கிற பதில்.

எப்படி அந்த நடைக்குப் போனோம் என்று முதல்ல சொல்லிவிடுவம். எங்கட சீனியர் அக்கா ஒருத்தர் அந்த நிறுவனத்தில் பகுதிநேரமாக உதவி வழிகாட்டியாக இருக்கிறா. சீசன் இல்லாத மாதம், இடம் மிச்சம் இருக்கு, வாங்கோ என்று கூப்பிட்டா. சனிக்கிழமை பின்னேரம் இரண்டரைக்கு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் சந்திப்பு. அங்கிருந்து மெயின் வீதி, சிவப்புப் பள்ளிவாசல், குறுக்குத் தெருக்கள், மருந்து மூலிகை விற்கிற கேபோஸ் லேன், செட்டியார் தெரு, கொச்சிக்கடை. கடைசியாக ஓட்டோவில் காலிமுகத்திடல், பொழுது சாயும் நேரம் இறால் வடை. நாலு மணித்தியாலம். ஒருத்தருக்கு நாற்பது டொலர். எங்களுக்கு இலவசம்.

இந்த நடைகள் எல்லாமே மோசம் என்று எழுத நாங்கள் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு வருசமாக கொழும்பில் இருக்கிறோம். பெட்டாவுக்கு மாசத்துக்கு ஒருக்கா போவோம்: மலிவாக உடுப்பு, போனுக்குக் கவர், போர்டிங்குக்கு வாளி. தலையைக் குனிஞ்சு, பையை நெஞ்சோடு அணைச்சு, வேலை முடிஞ்சதும் பஸ். இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிற அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலை நிமிர்ந்து பார்த்ததே அன்றைக்குத்தான். 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருசம் முடித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு அம்மா அதை ஐந்து நிமிடம் அசையாமல் பார்த்தா. நாங்கள் அதன் நிழலில் நின்று பேரம் பேசினவர்கள்தான். ஆக, வெளியில் இருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற சிலது எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கு. அதை ஒப்புக்கொள்கிறோம்.

பிரச்சினை அவர்கள் பார்ப்பதில் இல்லை. அவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதில்தான்.

அன்றைக்கு வழிகாட்டி அதிகமாகச் சொன்ன சொல் 'கேயோஸ்'. குழப்பம், ஒழுங்கில்லாத அழகு, பாருங்கோ, ரசியுங்கோ. ஆனால் பெட்டா குழப்பம் இல்லை. துணி வேண்டுமென்றால் எந்தத் தெரு, அரிசி பருப்பு வெங்காயம் என்றால் எந்தத் தெரு, நகை என்றால் எந்தத் தெரு என்று கொழும்பில் இருக்கிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லுவினம். கொழும்பிலேயே ஒழுங்கான இடம் அதுதான் என்றுகூட வாதாடலாம். அந்த ஒழுங்கைக் காலையில் இருந்து இரவு வரை தோளில் தாங்கி நிற்கிறவர்கள் நாட்டாமைமார். லொறி நுழைய முடியாத சந்துக்குள் மூட்டை போகிறது என்றால் அவர்களால்தான். மாமா பிறகு சொன்னார், அவருக்கு நாட்கூலி இல்லை, நடைக்கூலி. எத்தனை நடை இழுக்கிறாரோ அத்தனைக்குத்தான் காசு. பாரத்தோடு வண்டியை நிறுத்தினால் திரும்பக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருக்கா இழுத்துப் பார்த்தால் தெரியும். நாங்கள் படம் எடுத்த அந்த இரண்டு நிமிடம் அவருடைய காசு.

அடுத்தது பெயர்கள். அன்று சாப்பிட்டது உளுந்து வடை, சமோசா, சர்பத், மாங்காய் அச்சாறு, வட்டலாப்பம். எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்: 'லோக்கல் ஸ்நாக்', 'லோக்கல் ஸ்வீட்'. யாருடைய லோக்கல்? மலாய்க்காரருக்கும் வட்டலாப்பத்துக்கும் என்ன உறவு, பெருநாளில் அது ஏன் முஸ்லிம் வீடுகளில் கட்டாயம் இருக்கு, வடைக்காரர் எந்த ஊரில் இருந்து வந்து யாரிடம் தொழில் பழகினார், ஒன்றும் இல்லை. பெட்டா என்ற பெயரே எங்கட 'பேட்டை'தான். ஆங்கிலேயர் வாயில் போய்த் திரும்பி வந்திருக்கு. தமிழிலும் சிங்களத்திலும் கோட்டைக்கு வெளியே என்ற பொருளில் புறக்கோட்டை, பிட்டகொட்டுவ. அந்தச் சிவப்புப் பள்ளிக்கு சம்மாங்கோட்டுப் பள்ளி என்று ஒரு பெயர் இருக்கு. இந்தியாவில் இருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் கட்டுவித்தது. இதையெல்லாம் சொல்ல ஒரு நிமிடம் போதும். மூன்று பாஷை, நாலைந்து சமூகம் சேர்ந்து சமைத்த சாப்பாட்டை 'லோக்கல்' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடினால் அதில் ருசி மட்டும்தான் மிஞ்சும்.

இனி சொல்லப்போவது எங்களுக்குள்ளேயே சண்டை வந்த விஷயம்.

செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில் பக்கமாக நின்றோம். நகைக்கடைகளைக் காட்டினார்கள், தங்கத்தின் விலை சொன்னார்கள். 1983 ஜூலையில் பெட்டாவில் தமிழர் கடைகள் எரிந்ததைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. எங்களில் மட்டக்களப்புப் பொடியன், "சாப்பிட வந்த சனத்துக்கு ஏன் அதைச் சொல்ல வேணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அரை மணித்தியாலம் கழித்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு முன்னால் நின்றபோது 2019 ஏப்ரல் 21 பற்றிச் சொன்னார்கள். எல்லாரும் தலை குனிஞ்சு நின்றார்கள். அது சொல்ல வேண்டியதுதான், சொன்னது சரி. அப்போ சாப்பிட வந்த சனத்துக்கும் துக்கத்தைக் கேட்க முடியும். எந்தத் துக்கம் சொல்லத்தக்கது, எது வேண்டாம் என்று யாரோ முதலே முடிவு எடுத்திருக்கினம் என்பதுதான் எங்கட பிரச்சினை. புத்தளத்துத் தோழி சொன்னாள், "அப்படிப் பார்த்தால் 1987இல பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெடிச்ச குண்டையும் சொல்லத்தான் வேணும்." நூற்றுக்கு மேல் பேர் செத்த குண்டு. அதுவும் ஒரு ஏப்ரல் 21. நாங்கள் நடந்த வழியில் இருந்து அந்த இடம் தூரம் இல்லை. ஆம், அதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வசதியான துக்கத்தை மட்டும் கேட்டு வாங்க முடியாது.

காசுக் கணக்கு. அன்றைக்கு ஒருத்தர் சாப்பிட்டதை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். கடை விலைக்கு 1500 ரூபாய் வராது. நாற்பது டொலர் என்றால் கிட்டத்தட்ட 12,000 ரூபாய். இதைச் சொன்னதும் சீனியர் அக்காவுக்குக் கோவம் வந்துவிட்டது. "புக்கிங் தளம் எடுக்கிற கொமிஷன் தெரியுமா? லைசென்ஸ், ஓட்டோ, வழிகாட்டி சம்பளம் தெரியுமா? நீங்கள் எழுதிப்போட்டுப் போவியள். ரிவ்யூவில ஒரு நட்சத்திரம் குறைஞ்சா எனக்கு அடுத்த கிழமை வேலை இல்லை." அக்கா சொன்னதும் உண்மை. வழிகாட்டுவதும் உழைப்புத்தான். நாலு மணித்தியாலம் வெயிலில் தொண்டை வறள ஆங்கிலம் பேசுகிறவரைக் கள்ளன் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நாங்கள் கேட்பது வேற. ஒரு மசாலாக் கடையில் பதினைந்து நிமிடம் நின்றோம். மணந்து பார்த்தார்கள், நுள்ளி வாயில் போட்டார்கள், கடைக்காரரோடு செல்ஃபி எடுத்தார்கள். ஒருத்தரும் ஒரு பக்கற் கறுவா வாங்கவில்லை. வாசலில் இரண்டு வாடிக்கையாளர் உள்ளே வர இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். அந்தக் கடைக்கு நடை நிறுவனம் ஏதும் கொடுக்குமா என்று அக்காவைக் கேட்டோம். "அவருக்கு விளம்பரம்தானே" என்றா. அந்தக் கடைக்காரர் மொத்த வியாபாரி. ஜெர்மனியில் அவருக்கு விளம்பரம் தேவையில்லை.

வேற மாதிரிச் செய்ய முடியாதா? முடியும். மும்பையில் தாராவியில், தமிழர்களும் பெருந்தொகையாக வாழ்கிற இடம் அது, ரியாலிட்டி டூர்ஸ் என்ற நிறுவனம் 2005இல் தொடங்கியது. நடையில் போகிறவர்கள் படம் எடுக்கக் கூடாது என்பது அவர்களின் விதி. இலாபத்தில் 80 வீதம் அந்தப் பகுதியில் நடக்கிற கல்வி வேலைகளுக்குப் போகிறது என்று அறிவித்துத்தான் நடத்துகிறார்கள். அதற்கும் விமர்சனம் இருக்கு, ஏழ்மையைக் காட்டிப் பிழைப்பதா என்று. இருக்கட்டும். ஆனால் கமராவை உள்ளே வை என்று சொன்னதால் அவர்களின் தொழில் படுத்துவிடவில்லை. கொழும்பில் மட்டும் ஏன் படுக்க வேண்டும்?

அதனால் எங்கட கோரிக்கை பெரிசாக ஒன்றும் இல்லை. வண்டி வந்தால் விலகுங்கோ, வண்டிக்குத்தான் முதல் உரிமை. முகத்தைப் படம் எடுக்க முதல் கேளுங்கோ. நின்ற கடையில் ஏதாவது வாங்குங்கோ, அல்லது கடைக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு நில்லுங்கோ. சாப்பாட்டுக்கும் தெருவுக்கும் அதனதன் பெயரைச் சொல்லுங்கோ. எரிந்ததையும் வெடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

இதை மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் அழகில்லை என்று, போன மாதம் நாங்களே ஒரு நடை வைத்துப் பார்த்தோம். முதலாம் வருசப் பிள்ளைகள் ஒன்பது பேர், தமிழில். சொன்னால் சிரிப்பியள், கேபோஸ் லேனில் நாங்களும் வழியை அடைச்சுக்கொண்டு நின்று வரலாறு பேசினோம். மூலிகைக் கடை ஐயா வெளியில் வந்து, "தம்பிமார், யாவார நேரம், கொஞ்சம் அங்கால போய்ப் பேசுங்க" என்று கலைத்துவிட்டார். ஒன்பது பேர் கூட என்று அப்போதுதான் விளங்கியது. ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது. ஞாயிறோ வேலை குறைஞ்ச நேரமோ போக வேண்டும். நாங்கள் திட்டின அதே பிழையை நாங்களே செய்து பார்த்துத்தான் பழகினோம்.

அன்றைக்கு மாமாவுக்கு வேலை முடிஞ்ச பிறகு, ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீயும் உளுந்து வடையும் வாங்கிக்கொண்டு அவரைப் பேச விட்டோம். எந்தத் தெரு ஏற்றம், எந்தத் தெருவில் மழைக்கு வழுக்கும், மெனிங் சந்தை 2021இல் பேலியகொடைக்குப் போன பிறகு மரக்கறி மூட்டை தூக்கினவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு மணித்தியாலம் சொன்னார். எங்கட நோட்டில் இல்லாத பெட்டா அது. வடைக்குக் காசு கொடுக்க அவர் விடவே இல்லை. "நீங்க படிக்கிற புள்ளைங்க" என்று அவரே கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கு எங்களுக்கு இன்னும் பாக்கி.

கலைப்பீடம் படிச்சு என்ன வேலை கிடைக்கும் என்று எங்களை வீட்டில் கேட்காத நாள் இல்லை. வரலாறு, புவியியல், தமிழ், சமூகவியல் படிக்கிற நாங்கள்தான் இந்தத் தெருக்களைச் சொல்லத் தகுதியானவர்கள் என்று நினைக்கிறோம். சுற்றுலா அதிகாரசபையிடம் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுக்க வழி இருக்கு. ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான அனுமதியும் இருக்கு. தமிழ் தெரிந்த வழிகாட்டி பெட்டாவில் நடந்தால் கடைக்காரரோடும் நாட்டாமையோடும் நேராகப் பேசலாம். அவர்கள் சொல்வதை அவர்களுக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் சொல்லலாம். பிழையாகச் சொன்னால் அவர்களே திருத்துவார்கள். எங்களில் இரண்டு பேர் அடுத்த முறை விண்ணப்பிக்கிற யோசனையில் இருக்கிறோம்.

அதுவரைக்கும், இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கட வீட்டிலோ சொந்தத்திலோ பெட்டாவில் வேலை செய்த ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அப்பப்பாவோ, மாமாவோ, கடையில் கணக்கு எழுதின பெரியப்பாவோ. ஒரு நாள் அவரோடு போங்கோ. போனைப் பைக்குள் வையுங்கோ. பிளேன்டீக்கு இந்த முறை நீங்கள் காசு கொடுங்கோ.