பொய் கல்லில் இல்லை

நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். பெண்ணின் தந்தை, பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் ஏழு கல் வைரத்தோடு கேட்டனர். இயற்கை வைரத்தின் விலை ஆசிரியரின் சேமிப்பைக் கடந்து நின்றது. கடைக்காரர், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வைரத்தைக் காட்டினார். விலை பன்மடங்கு குறைவு; ஒளியிலோ எள்ளளவும் குறைவில்லை. ஆசிரியர் அதையே வாங்கினார். ஆய்வுக்கூட வைரம் என்று தெளிவாக எழுதப்பட்ட இரசீதையும் நகைப்பெட்டிக்குள் வைத்தே கொடுத்தார். பெட்டியைத் திறந்தவர்கள் தோட்டை எடுத்துப் பார்த்தார்கள். இரசீதை ஒருவரும் படிக்கவில்லை.

கோவிலில் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்ட வாரத்தில், மாப்பிள்ளையின் தாயார் அத்தோட்டை வேறொரு கடைக்குக் கொண்டுபோய்க் கருவியில் வைத்துச் சோதித்தார். 'போலியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்' என்னும் சொல் அன்று மாலைக்குள் பங்கு முழுவதும் பரவிற்று. ஆசிரியர் தோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, விற்ற கடையே அக்கற்களுக்கு விலை தர மறுத்துத் தங்கத்தை மட்டும் எடைபோட்டது. வட்டிக்குக் கடன் வாங்கி இயற்கை வைரம் வாங்கினார். திருமணம் நடந்தது. கடன் இன்னும் அடைபடவில்லை.

இந்நிகழ்ச்சியில் 'போலி' எது? இதுவே நம் வினா. கல்லா? கல்லை வாங்கியவரா? கேட்டவரா? விற்றவரா? மாப்பிள்ளை வீட்டார் ஒரு நொடியில் தீர்ப்பளித்து, கல்லையும் அதைக் கொடுத்த மனிதரையும் ஒருசேரக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டனர். அத்தீர்ப்பு தவறானது என்பதே நம் வாதம்.

முதலில் கல்லின் வழக்கைப் பார்ப்போம். ஒன்றைப் போலத் தோன்றி வேறொன்றாக இருப்பதே போலி. கண்ணாடித் துண்டை வைரம் என்று விற்றால் அது போலி. 'அமெரிக்கன் வைரம்' என்று நம் கடைவீதிகளில் வழங்கும் கல், 1976 முதல் சந்தைக்கு வந்த சிர்கோனியம் ஆக்சைடு. அதற்கும் வைரத்திற்கும் பளபளப்பைத் தவிர வேறு உறவில்லை. அதை வைரம் என்றால் அதுவும் போலியே. ஆனால் ஆய்வுக்கூட வைரம் அப்படிப்பட்டதன்று. அது கரி அணுக்களால் ஆனது. நிலத்தடி வைரமும் அதே கரி அணுக்களால் ஆனது. அணுக்களின் அடுக்குமுறை ஒன்றே, கடினம் ஒன்றே, ஒளியை வளைத்துச் சிதறடிக்கும் திறனும் ஒன்றே. பூமிக்கு அடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரி வைரமாகிறது. அவ்வழுத்தத்தையும் வெப்பத்தையும் ஓர் இயந்திரத்திற்குள் உண்டாக்கி, 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் வைரம் செய்து காட்டினார். இன்று மற்றொரு முறையும் உண்டு: மெல்லிய வைரச் சில்லு ஒன்றை விதையாக வைத்து, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களைச் சூடேற்றிச் சிதைத்து, கரி அணுக்களை அதன்மேல் படியச் செய்து, சில வாரங்களில் கல்லை வளர்த்தெடுக்கிறார்கள். வளர்ந்த இடம் வேறு, வளர்ந்த காலம் வேறு, பொருள் ஒன்று.

மாணிக்கத்தின் கதை இன்னும் பழையது. ஆகுஸ்த் வெர்னாய் என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர் 1902-இல் தம் முறையை உலகுக்கு அறிவித்தார். அலுமினிய ஆக்சைடு பொடியில் சிறிது குரோமியத்தைக் கலந்து, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடரின் ஊடே தூவினால், அது உருகித் துளித்துளியாகப் படிந்து சில மணி நேரத்தில் சிவந்த மாணிக்கத் தண்டாக வளர்கிறது. நம் தந்தையர் தலைமுறையினர் பெருமையோடு கட்டிய எச்.எம்.டி. கைக்கடிகாரங்களின் முகப்பில் '17 ஜூவல்ஸ்' என்று பொறித்திருந்ததே, நினைவிருக்கிறதா? சக்கரங்களின் அச்சு தேயாமல் தாங்கிய அக்கற்கள் செயற்கை மாணிக்கங்களே. அக்கடிகாரத்தைப் பார்த்துப் பூசைக்கு நேரம் தவறாமல் சென்ற நாம், அதனைப் போலி என்று ஒருநாளும் தூற்றவில்லை. மணிக்கட்டில் உழைத்தபோது மதித்த கல்லை, காதில் ஏறியவுடன் இகழ்வது என்ன நியாயம்?

இரண்டுக்கும் வேற்றுமையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உருப்பெருக்கியின் கீழ், வெர்னாய் முறை மாணிக்கத்தில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழிகளும் தென்படும். நிலத்தடி மாணிக்கத்தில் நேரான கோடுகளும், பட்டிழை போன்ற நுண்ணிய ஊசிகளும் இருக்கும். பெரும்பாலான இயற்கை வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பதையும் கருவிகள் காட்டிக் கொடுக்கும். மனிதன் தோன்றுவதற்கு நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்த ஒரு கல்லைக் கையில் ஏந்தும்போது எழும் வியப்பு பொய்யன்று. கிடைத்தற்கரியது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க ஒருவர் விரும்பினால் அதுவும் அவர் உரிமை. ஆகவே பிறப்பிடம் எது என்பது சொல்லப்பட வேண்டும். மறைக்காமல், எழுத்தில் சொல்லப்பட வேண்டும். 2018-இல் அமெரிக்க வணிக ஆணையம் வைரத்தின் இலக்கணத்திலிருந்து 'இயற்கையான' என்னும் சொல்லை நீக்கியது. ஆய்வுக்கூடக் கல்லை விற்பவர் அதன் பிறப்பை வெளிப்படையாகக் கூறும் கடமையை நீக்கவில்லை. பொருளுக்கு அதன் பெயர், பிறப்புக்கு அதன் உண்மை என்னும் இந்த நெறி நமக்கும் ஏற்புடையதே.

தமிழர்க்கு இது புதிய பாடமும் அன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியைச் சுற்றி வருகிறான். வைரத்தின் குற்றம் எது, மாணிக்கத்தின் குற்றம் எது என நுட்பமாகத் தரம் பிரித்தறிந்த வணிகர்கள் வாழ்ந்த வீதி அது. அதே நகரில்தான் அவன் கள்வன் எனப்பட்டுக் கொலையுண்டான். அரசியின் சிலம்பில் இருந்த முத்தும் மெய். கண்ணகியின் சிலம்பில் இருந்த மாணிக்கமும் மெய். பொய் எங்கே இருந்தது? பொற்கொல்லனின் நாவில் இருந்தது. ஆராயாமல் அதை நம்பிய மன்னனின் செவியில் இருந்தது. கல்லின் குற்றத்தைக் காண வல்ல நகரம், சொல்லின் குற்றத்தைக் காணத் தவறியது. நம் ஆசிரியரின் வீட்டிலும் நடந்தது இதுவே. கல்லைச் சோதிக்கக் கருவி இருந்தது. இரசீதைப் படிக்க ஒருவரும் இல்லை.

இனி, 'இயற்கைக் கல்லே தூய்மையானது' என்போரைக் கேட்போம். 1991 முதல் 2002 வரை சியெரா லியோனில் நடந்த உள்நாட்டுப் போருக்குத் துப்பாக்கி வாங்கித் தந்தவை எவை? ஆற்றுப்படுகைகளில் அடிமைகளைப் போல் வேலை வாங்கப்பட்ட மக்கள் சலித்தெடுத்த வைரங்கள். எதிர்த்தவர்களின் கைகளும், எதிர்க்காதவர்களின் கைகளும் வெட்டப்பட்ட போர் அது. அந்த அதிர்ச்சிக்குப் பின் 2003-இல் கிம்பர்லி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கிளர்ச்சிப் படைகள் விற்கும் வைரத்தையே அது குற்றமுடையதாகக் கருதுகிறது. ஓர் அரசின் படை செய்யும் கொடுமை அதன் இலக்கணத்திற்குள் வருவதில்லை. 2008-இல் சிம்பாப்வேயின் மராங்கே வயல்களில் வைரம் தோண்டியவர்களைப் படையினர் சுட்டுக் கொன்றனர். அவ்வயல்களின் கல் பின்னர் ஒப்பந்தத்தின் இசைவோடே சந்தைக்கு வந்தது.

'இயற்கை' என்னும் சொல்லுக்குள் எத்தனை மனிதக் கைவேலை ஒளிந்திருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். சந்தையில் உள்ள மாணிக்கங்களிலும் நீலங்களிலும் பெரும்பாலானவை உலையில் சூடேற்றி நிறம் கூட்டப்பட்டவை. வெடிப்புள்ள மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்பதும் உண்டு. இவையெல்லாம் 'இயற்கை' என்னும் பட்டத்தோடு மேடையேறும். முழுமையாக வளர்த்தெடுத்த கல் மட்டும் 'போலி' என்று கீழே தள்ளப்படும்! வைரம் என்றென்றைக்கும் உரியது, அதுவே அன்பின் அடையாளம் என்னும் எண்ணமும் நிலத்தடியில் விளைந்ததன்று. டி பியர்ஸ் நிறுவனத்திற்காக 1947-இல் ஒரு விளம்பர நிறுவனத்தின் எழுத்தாளர் அமைத்துத் தந்த சொற்றொடர், உலகத்தார் மனத்தில் அதை விதைத்தது. அதே டி பியர்ஸ், ஆய்வுக்கூட வைரத்தைப் பல்லாண்டு ஒதுக்கிவிட்டு, 2018-இல் தானே அதை விற்க முன்வந்தது. 2025-இல் அவ்வணிகத்தை மூடுவதாக அறிவித்தது. கல் மாறவில்லை, கணக்கு மாறிற்று.

இராசிக்கல் வணிகர்களைப் பற்றியும் ஒரு சொல். இயற்கைக் கல்லுக்கே கோள்களின் ஆற்றல் உண்டு, செய்த கல்லுக்கு இல்லை என்று அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். மாணிக்கத்தின் சிவப்பு குரோமியத்தால் வருவது. அது இரண்டு கற்களிலும் ஒன்றே. ஞாயிறு தன் அருளை ஒரு குரோமிய அணுவில் பெய்து மற்றொன்றை விலக்குமோ? ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க நீளும் கைகளிலும் சனியின் நீலக்கல்லைக் காண்கிறோம் என்பதால் இதைச் சொல்கிறோம். தாயத்து அணிவதைத் திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. மோதிரத்தில் பதித்ததால் தாயத்து வேறாகிவிடாது.

இவ்வளவும் படித்தபின், நாம் ஆய்வுக்கூட வைரத்தின் தரகர்களோ என்று யாரேனும் ஐயுறலாம். இல்லை. அவர்களிடமும் நமக்கு வழக்குண்டு. 'இரத்தக் கறை படியாத கல்', 'இயற்கையைக் காக்கும் கல்' என்கிறார்கள். வாரக்கணக்கில் உலை எரிய மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால், சுரங்கம் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. விற்கும்போது 'இதுவும் வைரமே' என்று உறுதி கூறும் கடைகளில் சில, திருப்பி வாங்கும் நாளில் அதனைக் கூழாங்கல்லாக நடத்துகின்றன. வாங்க வருபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லாதது, நம் கணக்கில், பாதிப் பொய்.

செயற்கைக் கல்லுக்குக் கறையே கிடையாது என்று சொல்வோர் திருச்சிராப்பள்ளிக்கு வரட்டும். அந்நகரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் வீட்டுக்கு வீடு நடந்தது. குச்சியின் முனையில் கல்லை அரக்கால் ஒட்டி, சுழலும் தட்டின்மேல் அழுத்தி, கண்ணுக்குத் தெரியாத கோணங்களை விரலால் உணர்ந்து முகம் முகமாகத் தீட்டிய கைத்திறன் அது. அத்திறனில் சிறுவர் சிறுமியரின் விரல்களும் இருந்தன. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தட்டின் முன் உட்கார்ந்தனர். இந்தியாவின் கொத்தடிமைச் சிறாரைப் பற்றி 1996-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் இத்தொழிலும் இடம்பெற்றது. பின்னர் சீனத்திலிருந்து இயந்திரத்தால் தீட்டிய மலிவுக் கல் வந்து குவிந்தபோது, அக்குடும்பங்கள் பலவற்றின் தட்டு நின்றுபோனது. ஆகவே கல் எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்பவர் பாதிக் கேள்வியே கேட்கிறார். யார் தீட்டினார், என்ன கூலி பெற்றார் என்பது மறுபாதி.

அந்த மறுபாதியைக் கேட்டால் எளிய விடை கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 1966-இல் விடுதலை பெற்ற பொட்ஸ்வானா, அடுத்த ஆண்டே கண்டறியப்பட்ட வைரத்தின் வருவாயைக் கொண்டு பள்ளிகளும் சாலைகளும் அமைத்தது. ஆய்வுக்கூடக் கல்லால் இயற்கை வைரத்தின் விலை சரியும்போது அந்நாட்டின் கருவூலம் அதிர்கிறது. உலகின் வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றைப் பட்டை தீட்டும் சூரத் நகரத்துத் தொழிலாளிக்கோ, இயற்கைக் கல் சரிந்தாலும் இழப்பு, ஆய்வுக்கூடக் கல் சரிந்தாலும் இழப்பு. இவர்களை மறந்துவிட்டு எந்தக் கல் தூய கல் என்று பட்டிமன்றம் நடத்துவது நமக்குத் தகாது.

பழைய ஏற்பாட்டில் தலைமைக் குருவின் மார்புப் பட்டையில் பன்னிரு மணிகள் பதிக்கப்பட்டதை விடுதலைப் பயண நூலில் காண்கிறோம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு குலத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. குரு அவற்றைச் சுமந்து கடவுள் திருமுன் சென்றது, அம்மக்களை நினைவுகூரும் பொருட்டே. கல் மக்களைச் சுமந்தது. இன்று நம் வீடுகளிலோ மக்கள் கல்லைச் சுமக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் வட்டியோடு சுமக்கிறார்கள்.

எனவே பொதுநிலையினராகிய நாம் சிலவற்றை உறுதி செய்துகொள்ளலாம். வாங்கும்போது கல்லின் பிறப்பு, அதற்குச் செய்யப்பட்ட மாற்றம், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் விலை ஆகியவற்றைக் கேட்டு இரசீதில் எழுதி வாங்குவோம். கொடுக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்வோம். நம் ஆசிரியர் இரசீதை வைத்ததோடு நில்லாமல் சொல்லியும் இருக்கலாம். அச்சம் அவர் வாயை அடைத்தது என்றால், அவ்வச்சத்தை உண்டாக்கியவர் யார்? 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைக் குற்றம் என்கிறது. அக்குற்றத்தைச் செய்துவிட்டு, கேட்டுப் பெற்ற பொருள் 'அசல்' அன்று என்று சினந்தவர்களே இவ்வழக்கின் முதல் எதிரிகள்.

அவ்வீட்டு மணமகள் இன்று வேறொரு பங்கில் வாழ்கிறாள். காதில் இயற்கை வைரம் மின்னுகிறது. அவள் தந்தை மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து வட்டி கட்டுகிறார். ஆய்வுக்கூடத்துக் கற்கள் ஒரு சிறிய காகிதப் பொட்டலத்தில், படிக்கப்படாத அந்த இரசீதோடு அலமாரியில் கிடக்கின்றன. அடுத்த ஓலை வாசிக்கப்படும் இல்லத்தாரேனும் கல்லைக் கருவியில் வைக்குமுன் தங்கள் கோரிக்கையை மனச்சான்றில் வைத்துப் பார்க்கட்டும்.