பழக்கூழும் பத்து வினைச்சொற்களும்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், லீவுல பிள்ளையோட தமிழுக்கு என்ன செய்யலாம்? எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கலாம்?" என் விடை சிலருக்கு வியப்பளிக்கிறது. புத்தகம் வேண்டா, தேக்காவுக்குப் போய் ஒரு பப்பாளி, ஒரு மாம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குங்கள், பிள்ளையை அருகில் நிறுத்திக்கொண்டு பழக்கூழ் செய்யுங்கள் என்பதே அது.

இது விளையாட்டுப் பேச்சன்று. நம் பிள்ளைகளின் நாவிலிருந்து இரண்டு பொருள்கள் மெல்ல விலகிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, பழத்தின் இயல்பான சுவை. மற்றொன்று, அந்தப் பழத்தைப் பற்றிப் பேசும் தமிழ். இரண்டையும் ஒரே சமையலறை மேசையில் மீட்க முடியும் என்பது என் கருத்து.

முதலில் சுவையைப் பற்றி. சிங்கப்பூர் அரசாங்கம் 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலமிடப்பட்ட பானங்களுக்கும், சரியாக ஓராண்டு கழித்து 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் உடனுக்குடன் கலந்து தரப்படும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அந்தப் பானம் 'டி' தரம். அத்தகைய பானத்தை விளம்பரம் செய்யவும் கூடாது. எனினும், சிறு வணிகங்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே, நாம் வாங்கும் ஒவ்வொரு குவளையிலும் எழுத்து இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 'டி' தரப் பானம் 500 மில்லிலிட்டர் குடித்தால் 50 கிராமுக்கு மேல் சீனி, அதாவது பத்துத் தேக்கரண்டிக்கு மேல். சேர்க்கப்பட்ட சீனியும் பழச்சாற்றுச் சீனியும் சேர்ந்து ஒருவரது அன்றாடக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம். ஒரே பெரிய குவளையில் அந்த வரம்பு கடந்துவிடுகிறது. மலாய், இந்தியச் சமூகங்களில் நீரிழிவு விகிதம் சீனச் சமூகத்தைவிட அதிகம் என்பதை நாம் அறிவோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது அயலார் செய்தி அன்று.

அடுத்தது மொழி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. வகுப்பறையில் இதன் தடம் எங்கே தெரிகிறது தெரியுமா? பெயர்ச்சொற்களில் அன்று. பழங்களின் படங்களைக் காட்டினால் பெரும்பாலான மாணவர்கள் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். "இந்தப் பழத்தை என்ன செய்வாய்?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். மாம்பழத்தையும் 'வெட்டுவேன்', வாழைப்பழத்தையும் 'வெட்டுவேன்', எலுமிச்சையையும் 'வெட்டுவேன்'. சிலர் 'கட் பண்ணுவேன்' என்கிறார்கள். ஒரே வினைச்சொல் எல்லா வேலையையும் செய்கிறது.

தமிழோ இவ்விடத்தில் மிகவும் வளமான மொழி. பழக்கூழ் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். வினைச்சொற்களைக் கவனியுங்கள்.

நால்வருக்கு: நன்கு பழுத்த மாம்பழம் ஒன்று, சிறிய பப்பாளியில் பாதி, சிறு வாழைப்பழம் இரண்டு, எலுமிச்சை அரை மூடி, கட்டித் தயிர் அரைக் குவளை. சீனி, சீனிப்பாகு, டின் பால் எதுவும் வேண்டா.

1. பழங்களை நன்றாகக் கழுவுங்கள்.
2. வாழைப்பழத்தை உரியுங்கள்.
3. மாம்பழத்தின் தோலைச் சீவுங்கள்.
4. பப்பாளியை நெடுக்காகப் பிளந்துகொள்ளுங்கள்.
5. அதன் விதைகளைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள்.
6. சதைப்பகுதிகளைத் துண்டு துண்டாக நறுக்குங்கள். துண்டுகளை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டி தேவைப்படாது. கூழும் நீர்த்துப் போகாது.
7. எலுமிச்சையைப் பிழியுங்கள். அதன் புளிப்பு வாழைப்பழம் கறுத்துப் போவதைத் தடுக்கும்.
8. எல்லாவற்றையும் பிளெண்டரில் இட்டு அரையுங்கள்.
9. தயிரைச் சேர்த்துக் கலக்குங்கள்.
10. சிறு குவளைகளில் ஊற்றுங்கள்.

பத்துச் செயல்கள், பத்து வினைச்சொற்கள். உரிப்பது கையால்; சீவுவது கத்தியால். பிளப்பது இரண்டாக, நறுக்குவது பலவாக. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்க எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் வேண்டும். கையில் பழத்தோடு நிற்கும் பிள்ளைக்கு ஒரு நொடி போதும். பதினொன்றாவதாக 'வடிகட்டு' என்ற சொல்லும் உண்டு. அதை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். எஞ்சுவது பெரும்பாலும் இனிப்பு நீரே.

வினைச்சொற்களோடு முடிந்துவிடுவதில்லை. வாழையில் தார், சீப்பு, பழம் என்று மூன்று அளவைகள். மாவில் பிஞ்சு, காய், செங்காய், கனி என்று நான்கு பருவங்கள். மாம்பழத்துக்குள் கொட்டை, பலாவுக்குள் சுளை, அன்னாசிக்கு மேலே கண். இவற்றை எந்தப் பாடநூலும் ஒரே பக்கத்தில் தராது. 'ஸ்மூத்தி' என்ற சொல்லைக் கண்டு மனம் வருந்தும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். பழக்கூழ் என்று நான் எழுதுகிறேன். பிள்ளை 'ஸ்மூத்தி' என்றே சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அன்னாசியும் பப்பாளியும் கடல் கடந்து வந்த பெயர்கள்தாமே! தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் போர்த்துகீசியர் வழியாக நமக்கு 'அன்னாசி' ஆகவும், மலாய்க்காரர்களுக்கு 'நானாஸ்' ஆகவும் வந்தது. நம்முடைய 'மாங்காய்' மலாயில் 'மங்கா' ஆகி, போர்த்துகீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. ஒரு புதுச்சொல் வருவதால் மொழி நலிவதில்லை. சுளையும் சக்கையும் செங்காயும் வழக்கொழிந்து போவதே உண்மையான இழப்பு.

அறிவியலுக்கும் இதில் இடமுண்டு. அன்னாசியைப் பாலோடு அரைத்துச் சிறிது நேரம் வைத்துவிட்டு, பிள்ளையைச் சுவைக்கச் சொல்லுங்கள். கசக்கும். அன்னாசியில் உள்ள புரோமலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். பப்பாளியிலும் பப்பாயின் என்ற நொதி உண்டு. பழுக்கப் பழுக்க அது குறையும். அதனால்தான் பப்பாளியும் தயிரும் சேர்ந்த கூழை உடனே குடித்துவிட வேண்டும். "ஏன் கசக்குது?" என்று பிள்ளை கேட்கும் அந்தக் கேள்விக்குத் தமிழிலேயே விடை சொல்லிப் பாருங்கள். தமிழ் என்பது தமிழ்ப் பாடவேளைக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அப்போதே உடையத் தொடங்கும்.

வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலேயே அன்னாசித் தோட்டங்களும் அன்னாசியை டின்னில் அடைக்கும் ஆலைகளும் இருந்தன. அன்னாசி மன்னர் எனப் பெயர்பெற்ற லிம் நீ சூனின் பெயரே இன்றைய ஈசூன் வட்டாரத்துக்கு வழங்குகிறது. இன்றோ நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. ஈசூனில் வசிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அன்னாசியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

எதிர்க்கருத்துகளும் வரும் என்பதை அறிவேன்.

"நேரமில்லை" என்பது முதலாவது. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இது உண்மையே. ஆனால், இந்த வேலை முழுவதற்கும் இருபது நிமிடம் போதும், அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. பல வீடுகளில் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துத் தருபவர் பணிப்பெண். பிள்ளை முழுப் பழத்தைக் காண்பதே இல்லை. அந்த ஒரு வேலையை மட்டும் சனிக்கிழமைகளில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் தமிழ் அவ்வளவு தூய தமிழன்று" என்பது இரண்டாவது. தேவையே இல்லை. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் முறை மறுஆய்வுக் குழுவே பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரச் சொன்னது. "தோல சீவு, கொட்டைய எடுத்து வை, கைய வெட்டிக்காத" என்று சொன்னால் போதும். எழுத்துத்தமிழைக் கற்பிக்க நாங்கள் இருக்கிறோம். பேச்சுத்தமிழை வீட்டைப் போல் எந்தப் பள்ளியும் தர முடியாது.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது: "பழத்தை அப்படியே உண்பதுதானே நல்லது?" ஆம், அதுவே சிறந்தது. அரைத்த பழம் வேகமாக உள்ளே இறங்கும். மெல்லும்போது கிடைக்கும் நிறைவு இராது. பிரிட்டனின் சுகாதாரச் சேவை, பழச்சாறும் பழக்கூழும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லிலிட்டருக்கு மேற்படாதிருக்க அறிவுறுத்துகிறது. நானும் சிறு குவளை என்றே எழுதினேன். நறுக்கும்போதே பாதித் துண்டுகளைப் பிள்ளை தின்றுவிட்டால் அதைவிட நன்மை வேறில்லை. பழக்கூழ் இங்கே அன்றாட உணவு அன்று. பிள்ளையைப் பழத்தின் அருகில் கொண்டுவரும் ஒரு வழி.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் மாணவர்கள் காணொளி ஒன்றைப் பார்த்து உரையாட வேண்டியுள்ளது. அங்கே தேவைப்படுவது செயல்களைச் சொல்லும் சொற்களே. வகுப்பறைக்குக் கத்தியும் பிளெண்டரும் கொண்டு செல்வது எளிதன்று. ஆனால், வாழைப்பழமும் கிண்ணமும் முட்கரண்டியும் போதும். உரித்து, மசித்து, பிசைந்து காட்டலாம். ஒவ்வாமை உள்ள மாணவர் எவரேனும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செய்து முடித்தபின் 'செய்முறை' எழுதச் சொல்லுங்கள். செய்யாமல் எழுதிய கட்டுரைக்கும் செய்துவிட்டு எழுதிய கட்டுரைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

கடைசியாக, பழங்களை இணையத்தில் வாங்காமல் சந்தைக்கே பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். இப்போதுள்ள தேக்கா நிலையம் 1982இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் 'ஜூஜியாவ்'. மக்கள் நாவில் நின்ற தேக்கா என்ற பெயரே 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. பேச்சில் உயிரோடிருக்கும் சொல்லுக்கு அத்தனை வலிமை உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்திய மாம்பழங்களும் அங்கே வந்து குவியும். "அண்ணே, இன்னைக்கே சாப்பிடுற மாதிரி ஒரு பழம் குடுங்க" என்று பிள்ளையே கேட்கட்டும். கடைக்காரர் பழத்தை முகர்ந்து, அழுத்திப் பார்த்து எடுத்துத் தருவதைக் கவனிக்கட்டும்.

நான் பத்துச் சொற்களைத் தந்தேன். உங்கள் வீடுகளில் தஞ்சாவூர் வழக்கும் நெல்லை வழக்கும் யாழ்ப்பாண வழக்கும் இருக்கும். பழத்தைத் தோலெடுப்பதற்கும் அரிவதற்கும் உங்கள் பாட்டிமார் வேறு என்னென்ன சொற்களைக் கையாண்டார்கள்? எழுதுங்கள், அடுத்த பருவத்தில் அவற்றையும் என் மாணவர்களிடம் கொண்டு சேர்க்கிறேன்.