கீறலும் விரிசலும்



வீடு மந்திரிக்கச் சென்ற இடத்தில் வினை ஒன்று நேர்ந்தது. ஆம்பூரில் தோல் கிடங்குகளுக்குப் பின்புறம் உள்ள சந்துகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. நுழைவது எளிது, திரும்பி வருவதற்குத்தான் திறமை வேண்டும். மந்திரிப்பு முடிந்து, கொடுத்த தேநீரையும் பருகிவிட்டு, காரைப் பின்னோக்கி எடுத்தேன். கால்வாயின்மேல் போட்டிருந்த கருங்கற் பலகையின் விளிம்பில் இடப்பக்கத்து முன்சக்கரம் உராய்ந்தது. அந்த ஒலி பல்லைக் கூசச் செய்தது. இறங்கிப் பார்த்தால், வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்த ரிம்மின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் காயம்.

எங்கள் பங்கு இல்லத்துக் கார் பழையது. அன்பர் ஒருவர் தமக்குப் புதியது வாங்கியபோது இதை நமக்கு வழங்கினார். அதன் நான்கு சக்கரங்களும் அலாய் எனப்படும் அலுமினியக் கலவையால் ஆனவை. எஞ்சின் முனகினாலும் சக்கரங்கள் மட்டும் புதுமாப்பிள்ளைபோல் பளபளக்கும். அடுத்த மாதம் ஆயர் அவர்களின் வருகை வேறு இருந்தது. ஆயர் சக்கரத்தையா பார்க்கப் போகிறார்? எனினும் இரண்டு இரவுகள் அக்கீறல் என் கண்முன் நின்றது என்பதை உங்களிடம் மறைப்பானேன்?

பெருநகரக் கடை ஒன்றில் தொலைபேசியில் விசாரித்தேன். ஒரு சக்கரம் மட்டும் கிடைக்காது, நான்கையும் மாற்றிவிடுங்கள் என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நான் குருமடத்தில் பயின்ற நாள்களில் இத்தகைய கவலை எவருக்கும் இருந்ததில்லை. அம்பாசடர் காரோ ஜீப்போ, சக்கரம் என்றால் இரும்புதான். தகட்டை வளைத்து வட்டமாக்கி, நடுவில் தட்டு ஒன்றைப் பற்றவைத்து உருவாக்குவார்கள். சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா நிறுவனம் 1960களில் இத்தகைய சக்கரங்களைச் செய்யத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஓட்டுநர் ஒரு டப்பா வெள்ளிப் பெயிண்ட் வாங்கி வந்து, டயரைக் கழற்றாமலே தூரிகையால் பூசிவிடுவார். டயரிலும் பாதி பூசிவிடும். அதைக் குறையென்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் உபதேசியார்தாம் வழி சொன்னார். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில், ரிம்முக்குப் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது என்றார். சென்று பார்த்தேன். தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், கயிற்றில் தொங்கும் ஏழெட்டுச் சக்கரங்கள். நடத்துபவருக்கு நாற்பது வயதிருக்கும். எங்கே தொழில் கற்றீர் என்று வினவினேன். "தோல்ல தான் சாமி" என்றார். எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவரே விளக்கினார். பதினெட்டு ஆண்டுகள் தோல் தொழிற்சாலையின் பினிஷிங் பிரிவில் ஸ்பிரே கன் பிடித்தவராம். நம் பகுதியில் பிறந்த உங்களில் பலர் இதை நன்கு அறிவீர்கள். மாடு முள்வேலியில் உராய்ந்த கீறல், உண்ணி கடித்த தழும்பு, உடலில் இட்ட சூட்டுக்குறி ஆகிய அனைத்தும் பதனிட்ட பின்னும் தோலில் தெரியும். மாசற்ற தோல் கிடைப்பது அரிது. ஆதலின் மேற்பரப்பை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பிசின் ஏற்றி, நிறம் தெளித்து, அதன்மேல் மினுக்கு எண்ணெய் போன்ற ஒரு பூச்சைத் தெளித்து, அச்சுத் தகட்டால் அழுத்துவார்கள். தழும்பு மறைந்துவிடும். நம் கால்களில் இருக்கும் காலணிகளில் பல இவ்வாறு அழகுபெற்றவையே. இரு தொழில்களுக்கும் பழைய உறவும் உண்டு. 1920களில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் கார்களுக்கென விற்ற டூகோ பூச்சு நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. தோலின் மேற்பூச்சுக்கும் அதே சரக்கு பயன்பட்டு வந்தது. நம் ஊர்த் தச்சர்கள் இன்றும் பீரோவுக்கு "டூகோ" அடிப்பதாகச் சொல்வது அந்தப் பெயரின் எச்சம்.

தொழிற்சாலையில் வேலை குறைந்தபோது அவர் இக்கொட்டகையைப் போட்டார். கருவி அதுவே, கை அதுவே. எதிரே இருக்கும் பொருள்தான் வேறு.

அவர் வேலை செய்த முறையை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் டயரைக் கழற்றினார். சோப்பு நீரால் கழுவி, பிரேக்கிலிருந்து உதிர்ந்து ஒட்டிய கரிய தூளைப் போக்கினார். பின்பு தின்னர் தோய்ந்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தார். கைவிரல் பட்ட இடத்தில்கூடப் பெயிண்ட் பிடிக்காது என்றார். காயத்தின் கூரிய விளிம்புகளை அரத்தால் தணித்து, முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரத் தாள், பிறகு நீரில் நனைத்த மெல்லிய வாட்டர் பேப்பர் எனத் தேய்த்துக்கொண்டே போனார். ஆழம் மிகுந்த இடத்தில் மட்டும் இரு சரக்கைக் குழைத்துப் பட்டி வைத்தார். காய்ந்ததும் அதையும் தேய்த்து மட்டமாக்கினார். கண்ணைவிட விரல் நுனியையே நம்புகிறார். தோலைத் தடவிப் பழகிய விரல் அல்லவா!

அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. தேய்த்த மறுகணமே காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றைத் தன்மேல் போர்த்துக்கொள்ளும். அது உலோகத்தைக் காக்கும். ஆனால் பெயிண்டைப் பற்றவிடாது. ஆகவே உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிமானம் தரும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். அதன்மேல் சாம்பல் நிறப் பிரைமர், பிறகு வெள்ளி நிறம், இறுதியில் கண்ணாடிபோன்ற கிளியர் பூச்சு. ஒவ்வொன்றையும் மெல்லியதாகப் பலமுறை அடித்து, இடையிடையே காயவிட வேண்டும். ஒரேயடியாய் அடித்தால் வழிந்துவிடும். இந்த மேற்பூச்சில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் ஈரமும் உப்பும் உட்புகுந்து, புழு நெளிந்த தடம்போல் வெண்கோடுகள் ஓடத் தொடங்கும். தோலை உப்பிட்டுக் காக்கும் ஊர்களில் வாழும் நமக்கு உப்பின் வல்லமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓரிடத்தை மட்டும் அவர் நாடா ஒட்டி மறைத்தார். சக்கரம் வண்டியோடு பொருந்தும் பின்முகமும், நட்டு அமரும் குழிகளும்தான் அவை. அங்கே பெயிண்ட் தடித்துக் கிடந்தால், ஓட ஓட அது நசுங்கி, இறுக்கிய நட்டு தளர்ந்துவிடுமாம். எங்கள் பழைய ஓட்டுநரின் வெள்ளிப் பெயிண்டை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன். ஒன்றைப் பூசும்போது மற்ற மூன்றும் மங்கித் தெரியுமே, அவற்றையும் மெருகிடலாம் என்று நானே ஆசைப்பட்டுச் சொன்னேன். பின்பக்கத்து வலச் சக்கரத்தைக் கழற்றியதும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, இந்த வீலுக்கு வாரா வாரம் காத்து புடிக்கிறீங்களா?"

ஆம், பிடிக்கிறேன். டயர் பழையதாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அவர் சக்கரத்தின் உட்புறத்தில், வெளியே நிற்பவர் கண்ணுக்குப் படாத வளைவில், மண்ணெண்ணெய் தடவினார். சிறிது நேரம் விட்டு நன்றாகத் துடைத்தார். சாக்கட்டியைப் பொடித்து நீரில் கரைத்து மேலே பூசி உலரவிட்டார். வெண்மையின் நடுவே, ஒரு தலைமயிர் கிடப்பதுபோல் ஈரக் கோடு ஒன்று மெல்லத் தோன்றியது, விரலளவு நீளம். துடைத்த பின்னும் விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் சாக்கட்டியில் ஊறி வெளியே வந்திருந்தது.

இது பழைய வித்தை. இரயில்வே பட்டறைகளில் அச்சுகளை இவ்வாறு எண்ணெயும் சுண்ணப்பொடியும் கொண்டு சோதித்து வந்தார்கள். சிவப்புச் சாயமும் வெண்பொடியும் கொண்ட இன்றைய சோதனை அதன் வாரிசே. முன்பெல்லாம் இரயில் வந்து நின்றதும், நீண்ட கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் வந்து பெட்டிச் சக்கரம் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போவாரே, நினைவிருக்கிறதா? நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றது ஓட்டைப் பானைபோல் மழுங்கி ஒலிக்கும். சிறுவர்கள் நாங்கள் அதை விளையாட்டென்று எண்ணினோம்.

மழையில் பெயர்ந்த சாலையின் பள்ளம் ஏதோ ஒன்றில் இச்சக்கரம் அடிபட்டிருக்க வேண்டும். நான் வாதாடினேன். பற்றவைத்துவிடலாமே என்றேன். உட்புறம்தானே, பட்டி போட்டுப் பூசினால் யாருக்குத் தெரியும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆம், நான்தான் சொன்னேன்.

அவர் மறுத்தார். அவர் சொன்ன காரணத்தைப் பின்னர்ப் பொறியியல் கற்ற ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இச்சக்கரங்கள் அலுமினியத்தோடு ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு சிலிக்கனும், சிறிதளவு மக்னீசியமும் கலந்து வார்க்கப்படுபவை. வார்த்த பின் ஏறத்தாழ 540 பாகை வெப்பத்தில் வைத்து, நீரில் குளிர்வித்து, மீண்டும் 150 பாகையை ஒட்டிய இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். அந்தப் பக்குவத்தில்தான் வலிமை பிறக்கிறது. பற்றவைக்கும் தீ பக்கத்து உலோகத்தின் பக்குவத்தைக் கலைத்துவிடும். ஒட்டு நன்றாகத் தெரியும், அதன் அருகே உலோகம் மென்மையாகிவிடும். கேஸ் தீயில் காட்டிச் சம்மட்டியால் பெண்டு எடுப்பதும் அத்தகையதே. இரும்பு ரிம் வளைந்து கொடுக்கும். சிறு பெண்டு என்றால் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் ஓர் எல்லைவரை தாங்கும், அப்புறம் உடையும். பெருஞ்சூட்டு அடுப்பில் வைத்துப் பொடிப்பூச்சு ஏற்றுகிறவர்களிடமும் சூட்டையும் நேரத்தையும் கேட்டறிந்தே கொடுக்க வேண்டும் என்றார் அந்தப் பொறியாளர்.

"கீறல்னா மூடலாம் சாமி. விரிசலை மூடினா, அது உள்ளயே நீளும். வண்டியில நீங்க மட்டுமா போறீங்க?"

நான் மட்டும் போவதில்லை. பேறுகால வலியெடுத்த பெண்களை இரவில் வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கிறேன். கன்னியர் இல்லத்துச் சகோதரிகள் ஏறியிருக்கிறார்கள். ஒன்பது மாணவர்களை ஒருமுறை திணித்துச் சென்றதும் உண்டு. அது தனிக் குற்றம்.

முந்தின வாரம் ஒருவர் இதே போன்ற விரிசலோடு வந்தாராம். காரை விற்கப் போவதாகவும், வாங்குகிறவர் கண்ணுக்குப் படாமல் பூசித் தரும்படியும் கேட்டாராம். இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னாராம். இவர் மறுக்கவே, வைதுவிட்டுச் சென்றாராம். அச்சக்கரம் இன்று யாருடைய காரில் ஓடுகிறதோ! அதனால்தான் என் சக்கரத்துக்கு அவர் ஓர் அனுமதி கேட்டார். பழைய இரும்புக் கடைக்கு முழுதாகப் போட்டால் எவரேனும் மெருகிட்டு மறுபடி விற்றுவிடுவர். ஆகவே அறுத்துப் போடட்டுமா என்றார். நான் தலையசைத்தேன். அறுப்பு இயந்திரம் பாய்ந்தது. இரு துண்டுகளாக்கி, நிறுத்து, எடைக்குரிய பணத்தை என் கையில் எண்ணி வைத்தார்.

அவர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளியர் பூச்சு அடிக்கும்போது முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு சரக்கைக் கலந்து அடிக்கும் இன்றைய உறுதியான பூச்சுகளின் இறுக்கியில் ஐசோசயனேட் இனத்து வேதிப்பொருள்கள் உள்ளன. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுக்காற்று அதே இனத்தைச் சேர்ந்தது. பூச்சிலுள்ளது அதே பொருளன்று. ஆயினும் தெளிக்கும் புகையை நாள்தோறும் உட்கொண்டால் மூச்சிரைப்பு நோய் வரும். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே சிறந்தது. குறைந்த அளவாகக் கரி வடிகட்டி பொருத்தியதாவது வேண்டும். என்னிடம் அத்தனை கண்டிப்பாயிருந்தவர், இதைச் சொன்னபோது, "தோல்லயே பழகிடுச்சு சாமி" என்று சிரித்தார். இரவில் இருமல் உண்டா என்று கேட்டேன். விடை சொல்லாமல் சக்கரத்தைத் திருப்பினார். இத்தொழில் செய்யும் இளைஞர் உங்கள் வீட்டில் இருப்பின், தாய்மார்களே, அந்த இருமலைக் கவனியுங்கள்.

எடைக்குப் பெற்ற பணத்தோடு நானும் கொஞ்சம் சேர்த்து, வேலூரில் கரி வடிகட்டி முகமூடி ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான்காவது சக்கரத்தின் இடத்தில் இப்போது ஸ்டெப்னியாக இருந்த கறுப்பு இரும்புச் சக்கரம் ஓடுகிறது. அளவு ஒன்றே, நட்டும் பொருந்துகிறது. ஸ்டெப்னிக்கு வேறொன்று வாங்கிக்கொண்டோம். மூன்று வெள்ளி, ஒன்று கறுப்பு. ஆயர் வந்த அன்று மறைக்கல்விப் பிள்ளைகள் அதைச் சுட்டிச் சிரித்தார்கள். ஆயரும் கண்டு காரணம் கேட்டார், சொன்னேன். தமது ஓட்டுநரை அழைத்து, தமது காரின் சக்கரங்களையும் உட்புறம் பார்க்கச் சொன்னார்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பின் வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளும்படி அவர் சொல்லியிருந்தார். பத்து நாள் கழித்துச் சென்றேன். பின்பக்கத்து வலச் சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது. முகமூடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளிப் பெயிண்டின் துளிகள் படிந்திருந்தன.