கடல் கடந்த மணமுறிவும் கண்டுகொள்ளாத சட்டமும்

மனமொத்து வாழ இயலாத தம்பதியர் மனமொத்துப் பிரிவதை உலகின் பல நாடுகள் எளிதாக்கி வருகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, திருமணமாகி ஓராண்டு கடந்த கணவனும் மனைவியும் சேர்ந்தே இணையம் வழியாக விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒருவர் மீது மற்றவர் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. மனு ஏற்கப்பட்டு 20 வாரங்களுக்குப் பின் நிபந்தனை உத்தரவும், அது கிடைத்து 6 வாரங்களுக்குப் பின் இறுதி உத்தரவும் கோரலாம். சுமார் 600 பவுண்டு கட்டணம் செலுத்தினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மணமாகி 5 ஆண்டுகளுக்கு மேற்படாத, குழந்தைகளோ சொந்த வீடோ இல்லாத தம்பதியருக்குச் சுருக்கமான கூட்டு மனு முறை உள்ளது. சிங்கப்பூரும் 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர உடன்பாட்டை விவாகரத்துக்கான காரணமாக ஏற்றுக்கொண்டுள்ளது.

இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். பிரிவது என முடிவாகிவிட்ட பிறகு, ஒருவர் மீது ஒருவர் சேற்றை வாரி இறைக்க வைப்பதால் எந்த நீதியும் நிலைநாட்டப்படுவதில்லை. சேமிப்பு கரைகிறது, குழந்தைகளின் மனம் உடைகிறது.

ஆனால், இந்தியாவில் இந்து திருமணச் சட்டப்படி மணம் முடித்து வெளிநாட்டில் வாழும் தம்பதியருக்கு அங்கு கிடைக்கும் உத்தரவு பாதி வழிதான். அந்த உத்தரவை இந்தியா ஏற்குமா என்பதே மீதி வழி. குற்றச்சாட்டே இல்லாத மணமுறிவு நம் சட்டத்தில் 13-பி பிரிவின் கீழ் மட்டுமே உண்டு. அதற்கு இருவரின் சம்மதமும் ஓராண்டுப் பிரிவும் கட்டாயம். ஆகவே, லண்டனில் ஒருவர் மட்டும் மனு செய்து பெறும் விவாகரத்து, சென்னையிலோ மதுரையிலோ வெற்றுக் காகிதமாகிவிடும் அபாயம் உண்டு. அதை நம்பி மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றத்துக்கு ஆளாக நேரிடலாம்.

இதில் வழிகாட்டுவது, நரசிம்ம ராவ் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. திருப்பதியில் மணம் முடித்த ஒருவர், அமெரிக்காவின் மிசௌரி நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்று வேறொரு திருமணம் செய்த வழக்கு அது. எந்தச் சட்டப்படி மணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமுமே செல்லும் என்று கூறிய நீதிபதிகள், சில விதிவிலக்குகளையும் அளித்தனர். எதிர்த்தரப்பினர் மனமுவந்து சம்மதம் தெரிவித்திருப்பது அவற்றுள் ஒன்று. சுமுகமாகப் பிரிவோருக்கு இதுவே பற்றுக்கோடு. எனவே, தனி மனுவைவிடக் கூட்டு மனுவே பாதுகாப்பானது. அதே வழக்கில், வெளிநாட்டு உத்தரவின் வெறும் நகல் சாட்சியமாக ஏற்கப்படவில்லை. முத்திரையிட்ட சான்றுநகலைப் பெற்று வைப்பது அவசியம்.

சொத்து விஷயத்திலும் கவனம் தேவை. இங்கிலாந்தில் விவாகரத்து உத்தரவு திருமண பந்தத்தை மட்டுமே முறிக்கிறது. பணம், சொத்து, ஓய்வூதியம் குறித்த உடன்பாட்டுக்குத் தனியாக நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால், பல ஆண்டுகள் கழித்தும் உரிமை கோரப்படலாம். கட்டணத்துக்கு அஞ்சி இதைத் தவிர்ப்பது சிக்கனமல்ல.

உள்நாட்டிலும் வழி ஓரளவு திறந்திருக்கிறது. பரஸ்பர சம்மத மனுக்களில் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தவும், காணொலி வழியாக விசாரிக்கவும் குடும்ப நீதிமன்றங்களுக்கு இடமுண்டு என 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எளிமைக்கு எதிரான அச்சம் ஆதாரமற்றது அல்ல. விடுமுறை என்று சொல்லி மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, கடல் கடந்த நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாக விவாகரத்து பெறும் கணவர்கள் உண்டு. அந்த நீதிமன்றத்துக்குச் சென்று வழக்காட அப்பெண்ணுக்கு விசாவும் இல்லை, வசதியும் இல்லை. நீதிமன்றங்களின் கண்டிப்பு அத்தகைய பெண்களுக்கான கவசம். அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால், ஏமாற்றுவோரைத் தடுக்க எழுப்பிய சுவர், நேர்மையாகப் பிரிந்தவர்களையும் மறிக்க வேண்டுமா?

வெளிநாட்டு விவாகரத்துகளை அங்கீகரிப்பது குறித்து சட்ட ஆணையம் 1976-லேயே தனது 65-ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்தது. வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணச் சிக்கல்களுக்கு விரிவான சட்டம் தேவை என 2024-இல் 287-ஆவது அறிக்கையும் வலியுறுத்தியது. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2019-இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதாவும் திருமணப் பதிவைப் பற்றியே பேசியது.

தேவை ஒரு சிறிய, தெளிவான சட்டம். இருவரும் கூட்டாக விண்ணப்பித்து, இருவரது சம்மதமும் பதிவான வெளிநாட்டு உத்தரவை, இந்தியத் தூதரகச் சான்றுடன் குடும்ப நீதிமன்றத்தில் பதிவு செய்ய வழி வேண்டும். ஒருவர் மறுத்தால் முழு விசாரணை நடக்கட்டும். சண்டையின்றிப் பிரிந்த இருவரை, அந்தப் பிரிவு செல்லுமா என்று தெரிந்துகொள்வதற்காகவே மீண்டும் நீதிமன்றப் படியேற்றுவது எந்த வகையிலும் நியாயமாகாது.