பென்டிரைவில் ஏறாத பெயர்கள்

கம்ப்யூட்டர் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் தெரிந்த கட்டளை ஒன்று உண்டென்றால் அது டாஸ் காலத்து 'ஆட்ரிப்' தான். பென்டிரைவில் வைரஸ் புகுந்து ஃபோல்டர்களை மறைத்துவிடும். பிரவுசிங் சென்டர் அண்ணன் கறுப்புத் திரையைத் திறந்து மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் என்று தட்டுவார். போன உயிர் திரும்பி வரும். அத்தோடு மறந்துவிடுவோம்.

ஆட்ரிப் கையாள்வது உண்டு, இல்லை என்ற அளவிலான குறிகளைத்தான். லினக்ஸில் இதற்கு ஒரு பெரிய அண்ணன் இருக்கிறார். எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் என்று பெயர். கோப்பின் உள்ளே கை வைக்காமல், அதன்மேல் நாம் விரும்பிய வார்த்தைகளையே சீட்டு எழுதி ஒட்டலாம். ஒட்டுவதற்கு 'செட்எஃப்ஆட்டர்', படிப்பதற்கு 'கெட்எஃப்ஆட்டர்'. சீட்டின் பெயர் 'யூசர்' என்று தொடங்கி ஒரு புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவே. நம் லேபில் இதைக் கட்டாயப் பயிற்சியாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஒட்டுவதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மலருக்காக, ஓய்வுபெற்ற ஒர்க்‌ஷாப் ஆசிரியர் ஒருவர் 43 பழைய குரூப் போட்டோக்களைக் கொடுத்தார். ஸ்கேன் செய்தேன். நாலு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். "தம்பி, பின்வரிசையில ரெண்டாவது நிக்கிறான் பாரு, கிளிஞ்சல்மேட்டுப் பையன், போட் எஞ்சின்ல கில்லாடி. பக்கத்துல திருநள்ளாறு. இவன் ஓஎன்ஜிசிக்குப் போனான்" என்று விரல் வைத்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படத்தின்மேலும் ஒட்டிக்கொண்டே வந்தேன்.

தமிழில் எழுதினால் ஒரு வேடிக்கை. கெட்எஃப்ஆட்டர் அதை பூஜ்யம், எஸ் என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் காட்டும். முதல் நாள் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 'மைனஸ் ஈ டெக்ஸ்ட்' என்று சேர்த்துத் தட்டினால் தமிழ் தமிழாகவே வரும். இன்னொன்று, யூனிகோடில் 'காரைக்கால்' என்ற ஒரு சொல்லுக்கே 30 பைட் ஆகும். இஎக்ஸ்டி4 வட்டில் ஒரு கோப்பின் சீட்டுகளுக்கெல்லாம் சேர்த்து வழக்கமாகக் கிடைப்பது சுமார் 4 கேபி. பேருக்கும் ஊருக்கும் தாராளம். ஊர்க்கதை எழுத இடமில்லை.

பிறகுதான் கூத்து. சாதாரண 'சிபி' கட்டளை சீட்டுகளை எடுத்துப் போகாது என்று எனக்குத் தெரியும். அதனால் 'மைனஸ் ஏ' போட்டுப் பென்டிரைவுக்கு ஏற்றினேன். மறுபேச்சு இல்லாமல் முடிந்தது. நம்பி, மடிக்கணினியை ஃபார்மட் செய்து புது லினக்ஸ் போட்டேன். பென்டிரைவில் இருந்ததோ ஃபேட்32. அதில் இந்தச் சீட்டுகளுக்கு இடமே கிடையாது. மைனஸ் ஏ முடியாததை முடியாது என்று சொல்லாமல் வாயை மூடிக்கொள்ளும் ரகம். 'பிரிசர்வ்' என்பதில் எக்ஸ்ஆட்டரைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் கத்தியிருக்கும். வாஞ்சூர் சோதனைச்சாவடியிலாவது பையைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பார்கள்! இங்கே படம் 43ம் பத்திரமாக வந்தது. பெயர் ஒன்றுகூட வரவில்லை.

"எக்செல்ல போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்றான் வகுப்புத் தோழன். பாதி நியாயம். ஆனால் யாராவது ஒருவர் கோப்பின் பெயரை மாற்றினால் பட்டியல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். சீட்டு அப்படியில்லை, அதே வட்டில் பெயர் மாறினாலும் கூடவே இருக்கும். செய்ய வேண்டியது இரண்டையும்தான். கெட்எஃப்ஆட்டரில் மைனஸ் டி, மைனஸ் பெரிய ஆர் சேர்த்தால் ஃபோல்டர் முழுக்க உள்ள சீட்டுகள் கொட்டும். அதை ஒரு டெக்ஸ்ட் கோப்பாகப் பிடித்துப் படங்களோடு அனுப்ப வேண்டும். போன இடத்தில் செட்எஃப்ஆட்டரின் 'ரீஸ்டோர்' திரும்ப ஒட்டிவிடும். டார் கட்டினால் 'எக்ஸ்ஆட்டர்ஸ்' என்றும், ஆர்சிங்க் என்றால் பெரிய எக்ஸ் என்றும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் எதுவும் தராது. சங்கத்தின் அலமாரியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கை அடுத்த ஆண்டு செயலாளரிடம் ஒப்படைக்கும்போது இந்த டெக்ஸ்ட் கோப்பும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மறுபடியும் அதே திண்ணைக்குப் போனேன். சார் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "போன தடவை சொன்னேனே தம்பி, இப்ப வர மாட்டேங்குதே" என்றார். 34 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. மீதி 9 படங்கள் இந்த மலரில் ஆண்டு மட்டும் போட்டு வந்திருக்கின்றன. அதில் உங்கள் அப்பாவோ மாமாவோ இருந்தால், சங்க அறையில் வந்து சொல்லுங்கள்.